நாலு மில்லிமீற்றர் வழி

மூதூரிலிருந்து சம்பூர்ப் பக்கம் போகும் வீதியில் களப்புப் பாலத்தைத் தாண்டினால் கட்டைபறிச்சான். வயலும் மாடும் மீன்பிடியுமாக வாழும் ஊர். மூதூர் தள வைத்தியசாலை பக்கத்தில்தான். அங்கே முடியாததென்றால் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை, கொட்டியாரக் குடாவின் மறுகரையில். ஒரு காலத்தில் அந்த மறுகரைக்கு நோயாளியைக் கொண்டுபோவதென்றால் மூதூர் இறங்குதுறையில் லாஞ்சுக்குக் காத்திருக்கவேண்டும்; தரைவழியால் போனால் துறைக்குத் துறை இறங்கிப் ‘பாதை’ என்னும் இழுவைப் படகு வரும்வரை நிற்கவேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலமும், 2011இல் மூதூர் வரையான மற்றப் பாலங்களும் திறந்த பிறகுதான் ஒரே ஓட்டமாக ஓடக்கூடிய வீதி கிடைத்தது.

வீதி வந்த பிறகு வண்டியும் வந்தது. இலங்கையின் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016 யூலையில் இந்திய நன்கொடையில் 88 வண்டிகளோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 அம்புலன்ஸை ஓட்டும் இஎம்ஆர்ஐ அமைப்புத்தான் இங்கும் அதைத் தொடக்கிக் கொடுத்தது. 2018 யூலையில் யாழ்ப்பாணத்தில் அடுத்த கட்டம் ஆரம்பமாகி, பிறகு மற்ற மாகாணங்களுக்கும் விரிந்தது. 1990 என்று அடித்தால் காசில்லாமல் வண்டி வரும். வண்டியில் வருவது டொக்டர் அல்ல. பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர் ஒருவர், சாரதி ஒருவர். இரண்டே பேர். இந்த இரண்டு என்ற எண்ணிக்கையை நினைவில் வைத்திருங்கள், பிறகு வேலைப்படும்.

பெரியவருக்கு நெஞ்சு வலி என்றால் இந்த ஏற்பாடு பெரும்பாலும் போதும். ஏற்றி, ஒட்சிசன் தேவையா என்று பார்த்து, கண்காணித்துக்கொண்டே கொண்டுபோய்ச் சேர்க்கலாம். மூச்சு நின்றுபோகிற பிள்ளையின் கதை வேறு. வளர்ந்தவர்களின் இதயம் பெரும்பாலும் தன் கோளாறினால் நிற்கிறது. பிள்ளைகளின் இதயம் அநேகமாக அப்படி நிற்பதில்லை. முதலில் மூச்சு கெடும், இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கும், இதயத்துடிப்பு மெதுவாகும், கடைசியில்தான் இதயம் நிற்கும். அந்த இறக்கத்தின் நடுவில் எங்காவது காற்றை உள்ளே அனுப்பிவிட்டால் பிள்ளை திரும்பிவரும். இதயம் நின்ற பிறகு அனுப்பினால் திரும்பிவருவது அரிது, வந்தாலும் மூளை பெரும்பாலும் முழுதாக வராது. ஆகவே பிள்ளை விஷயத்தில் அம்புலன்ஸின் பெரிய வேலை வேகமாக ஓடுவது அல்ல. ஓடத் தொடங்கும் முன்பே மூச்சுப்பாதையைத் திறந்து, காற்றை உள்ளே விடுவது.

அதற்குக் கிடைக்கும் நேரமோ மிகக் கொஞ்சம். வளர்ந்தவர் ஒருவர் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிலீற்றர் ஒட்சிசன் செலவழிக்கிறார். கைக்குழந்தை அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். செலவு இரட்டிப்பு, சேமிப்போ குறைவு: மூச்சை வெளிவிட்ட பிறகும் நுரையீரலில் தங்கி நிற்கும் காற்றுத்தான் நமக்கு அவசரக் கையிருப்பு, அது குழந்தைக்கு, அதுவும் மல்லாக்கப் படுத்திருக்கும்போது, மிகச் சிறியது. நுரையீரலைச் சுத்த ஒட்சிசனால் நிரப்பிய பிறகு மூச்சை நிறுத்தினால், ஆரோக்கியமான 70 கிலோ மனிதரின் இரத்த ஒட்சிசன் செறிவு 90 வீதத்துக்கு இறங்க 8 நிமிடமளவில் எடுக்கும் என்றும், 10 கிலோப் பிள்ளைக்கு 4 நிமிடம்கூட எடுக்காது என்றும் மயக்கமருந்து நிபுணர்கள் கணித்திருக்கிறார்கள். இது சத்திரசிகிச்சைக் கூடத்தில், முன்னேற்பாட்டோடு. பாயில் கிடந்து வலிப்பு வந்த பிள்ளைக்கு நிரப்பிவைத்த ஒட்சிசன் ஏது? தொண்ணூறுக்குக் கீழே போன பிறகு இறக்கம் இன்னும் செங்குத்தாகும்.

இனித் தொண்டைக்குள் போவோம். பிள்ளையின் மூச்சுப்பாதை பெரியவருடையதன் சிறிய பிரதி அல்ல, அமைப்பே வேறு. முதலாவது தலை. கைக்குழந்தையின் பிடரி பெரிது. அதைத் தட்டையான பலகையில் மல்லாக்கக் கிடத்தினால் பிடரி தலையை முன்னே தள்ளும், நாடி நெஞ்சைத் தொடப் பார்க்கும், கழுத்து மடியும், மென்மையான மூச்சுக்குழாய் மடிந்து அடைபடும். பெரியவருக்குத் தலைக்கு அடியில் துணி வைப்பது உதவும். கைக்குழந்தைக்குத் தோளுக்கு அடியில் வைக்கவேண்டும். நாலாக மடித்த ஒரு துவாய் போதும். முகம் கூரையைப் பார்த்தபடி சமமாக வரும், வழி திறக்கும். ஆயிரக்கணக்கான ரூபாய்க் கருவிகளைப் பற்றிப் பேசுகிற துறையில் துவாய்க்கு இருக்கும் இந்த இடம் எனக்குப் பிடித்த விஷயம்.

இரண்டாவது நாக்கு. வாயின் அளவோடு பார்த்தால் குழந்தையின் நாக்கு பெரிது. நினைவு தப்பியதும் தசைகள் தளர்ந்து அந்த நாக்கும் தொண்டையின் மென்தசையும் பின்னால் சரியும். மயங்கிக் கிடக்கும் பிள்ளையின் மூச்சு அடைபடுவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான், வேறு எந்தப் பொருளும் அல்ல. தாடையை இரு பக்கமும் பிடித்து முன்னே தூக்கினால் நாக்கும் கூடவே எழும்பும். வலிப்பு முடிந்து கொர்கொர் என்று இழுக்கும் பிள்ளையின் சத்தம் பலமுறை இந்த ஒரு அசைவில் நின்றுவிடும்.

மூன்றாவது குரல்வளை. குழந்தைக்கு அது பெரியவரைவிட மேலே, கழுத்தின் மூன்றாம் நாலாம் எலும்புகளின் மட்டத்தில் இருக்கிறது. அதன் மூடி நீளமாக, மடிந்து, துவண்டு கிடக்கும். வாய்வழியாகக் கருவியை விட்டு எட்டிப் பார்ப்பவருக்கு எல்லாமே எதிர்பார்த்ததைவிட மேலும் முன்னும் தெரியும், அல்லது தெரியாது. குழந்தையின் மூச்சுப்பாதையில் ஆக ஒடுக்கமான இடம் குரல்வளைக்குக் கீழே உள்ள வளையக் குருத்தெலும்பு என்றுதான் நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. அது இறந்த உடல்களில் எடுத்த வார்ப்புகளிலிருந்து வந்த முடிவு. 2000க்குப் பின் உயிருள்ள பிள்ளைகளை எம்ஆர்ஐயிலும் உட்காட்டியிலும் பார்த்தவர்கள், குரல்நாண்களின் மட்டமே ஆக ஒடுக்கம் என்று கண்டார்கள். ஆனாலும் வளையம் விரிந்துகொடுக்காது, நாண்கள் விரிந்துகொடுக்கும். உள்ளே விடும் குழாய் நெருக்குவது வளையத்தில்தான். பழைய புத்தகம் காரணத்தில் பிழை, எச்சரிக்கையில் சரி.

நாலாவது வெறும் அளவு. கைக்குழந்தையின் மூச்சுக்குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் என்று வையுங்கள். பப்பாசி இலைத்தண்டால் இளநீர் உறிஞ்சிப் பார்த்தவர்களுக்குக் கணக்குத் தேவையில்லை: தண்டு கொஞ்சம் மெலிந்தால் கன்னம் குழிவிழ இழுக்கவேண்டும். கணக்கு வேண்டுவோருக்கு, 1840களில் மெல்லிய குழாய்களில் திரவம் ஓடுவதை அளந்த பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் விதி எழுதித் தந்திருக்கிறார். ஒழுங்கான ஓட்டத்துக்குக் குழாய் காட்டும் எதிர்ப்பு, ஆரையின் நாலாம் அடுக்குக்கு நேர்மாறு. வீக்கத்தால் சுவர் சுற்றிவர 1 மில்லிமீற்றர் தடித்தால் 8 மில்லிமீற்றர் குழாய் 6 ஆகும், எதிர்ப்பு மூன்று மடங்கு. அதே 1 மில்லிமீற்றர் வீக்கம் 4 மில்லிமீற்றர் குழாயை 2 ஆக்கும், எதிர்ப்பு பதினாறு மடங்கு. காற்று சுழித்து ஓடினால் நாலாம் அடுக்கு ஐந்தாம் அடுக்காகும், பதினாறு முப்பத்திரண்டாகும். பிள்ளை வீரிட்டு அழும்போது நடப்பது அதுதான். எனவேதான் தொண்டை வீங்கி இழுத்து மூச்சுவிடும், ஆனால் நினைவோடு இருக்கும் பிள்ளையைத் தாயின் மடியிலிருந்து பறித்துக் கட்டிலில் கிடத்தி முகத்தில் மாஸ்க்கை அழுத்தக்கூடாது என்று படிப்பிக்கிறார்கள். மடியிலேயே இருக்கட்டும், ஒட்சிசனை முகத்துக்குப் பக்கத்தில் காட்டினால் போதும். பார்ப்பவருக்கு ஒன்றும் செய்யாததுபோல் தோன்றும். இயற்பியல் தெரிந்தவருக்கு அது சிகிச்சை.

தாடையைத் தூக்கியும் மூச்சு வரவில்லை, அல்லது வருவது போதவில்லை என்றால் அடுத்து என்ன? இங்கேதான் இந்தத் துறையின் பெரிய வழக்கு. ஒரு வழி, மாஸ்க்கை முகத்தில் பொருத்திப் பலூனை அமுக்குவது. மற்றது, வாய்வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயை இறக்கி நேரே காற்றை விடுவது. இரண்டாவது பார்வைக்குப் பெரிய வைத்தியம். உறவினர்கள் “டியூப் போட்டாச்சா?” என்று கேட்கும்போது அதில் ஒரு ஆறுதல் தொனிக்கும். சத்திரசிகிச்சைக் கூடத்தில் அதற்கு நிகரில்லை. வீதியோரத்தில்?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், லொஸ் ஏஞ்சலிஸ், ஒரேஞ்ச் ஆகிய இரண்டு கவுண்டிகளில் 1994 முதல் 1997 வரை இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நடத்தியவர்கள் மரியான் கௌஷே என்ற அவசர மருத்துவரும் அவருடைய குழுவும். 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள, மூச்சுக்கு உதவி தேவைப்பட்ட 830 பிள்ளைகள். ஒற்றைப்படைத் திகதி, இரட்டைப்படைத் திகதி என்று பிரித்து, ஒருநாள் பலூன்–மாஸ்க் மட்டும், மறுநாள் பலூனோடு தொடங்கிப் பிறகு குழாய். பங்குபற்றிய அம்புலன்ஸ்காரர்களுக்கு முன்கூட்டியே இரண்டிலும் பயிற்சி. முடிவுகள் 2000ஆம் ஆண்டு வெளிவந்தன. பலூன் பிரிவில் உயிர் பிழைத்தவர்கள் 30 வீதம், குழாய்ப் பிரிவில் 26 வீதம். மூளை நல்லபடி மீண்டவர்கள் 23 வீதம், 20 வீதம். வித்தியாசம் புள்ளியியலின்படி எதையும் நிறுவப் போதாது. ஆனால் குழாய் மேலானது என்று நம்பியவர்களுக்கு அதுவே அடி. கூடுதல் கருவி, கூடுதல் பயிற்சி, கூடுதல் நேரம், எல்லாம் கொடுத்தும் ஒரு பிள்ளைகூட மேலதிகமாகப் பிழைக்கவில்லை.

ஏன் என்று பார்த்தால் காரணங்கள் மனிதக் காரணங்கள். முயன்றவர்களில் பாதிக்குச் சற்று மேலானோருக்கே குழாய் சரியான இடத்துக்குப் போனது. சிலருக்கு உணவுக்குழாய்க்குள் போனது. சிலருக்குச் சரியாகப் போய், வண்டிக்குள் ஏற்றும்போதோ ஓட்டத்திலோ கழன்றது. கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் முழுவதுமே ஒரு விரல் நீளத்துக்குள் அடங்கிவிடும். தலை கொஞ்சம் நிமிர்ந்தால் குழாய் வெளியே வரும், கொஞ்சம் குனிந்தால் ஒரு நுரையீரலுக்குள் மட்டும் போய் நிற்கும். குழாய் கழன்றதை யாரும் கவனிக்காமல் விட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. மாஸ்க் நழுவினால் கையிலேயே தெரியும், உடனே திருத்தலாம். குழாய் நழுவினால் எல்லாம் சரியாக நடப்பதுபோலவே தோற்றமளிக்கும். பலூனின் பெரிய நன்மை அதன் பிழை மறைந்து நிற்பதில்லை என்பதுதான்.

ஆஸ்பத்திரிக்குள் என்ன நிலை என்று கேட்பவர்கள் உண்டு. 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, ஆஸ்பத்திரிக்குள்ளேயே இதயம் நின்ற பிள்ளைகளின் பதிவுகளை எடுத்து, நிலைமையில் ஒத்தவர்களைச் சோடி சேர்த்து ஒப்பிட்டது. உயிர்ப்பிக்கும் முயற்சியின்போது குழாய் போடப்பட்டவர்களில் 36 வீதம் பிழைத்து வீடு போனார்கள், போடப்படாதவர்களில் 41 வீதம். பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் குழாய்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. நிலைமை மோசமானவர்களுக்கே குழாய் போயிருக்கலாம். அப்படியானாலும் தாதியும் நிபுணரும் வெளிச்சமும் உள்ள இடத்திலேயே இந்த முடிவு என்றால், டோர்ச் வெளிச்சத்தில் முற்றத்தில் முழந்தாளில் இருந்து முயல்பவரிடம் எதை எதிர்பார்க்கலாம்?

பலூனுக்கு ஒரு சரித்திரமும் உண்டு, அது ஒரு பிள்ளையோடுதான் தொடங்குகிறது. 1952இல் கொப்பன்ஹேகனில் போலியோ கொள்ளைநோயாகப் பரவியது. பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் மூச்சுத்தசை செயலிழந்து இயந்திரத்தில் ஏற்றப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். ஓகஸ்ட் 27ஆம் திகதி மயக்கமருந்து மருத்துவர் பியோன் இப்சன், சாகக் கிடந்த 12 வயதுச் சிறுமிக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பித்து, றப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றுக் கொடுத்தார். சிறுமி பிழைத்தாள். பிறகு ஏறத்தாழ 1500 மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு, இரவு பகலாக, வாரக்கணக்கில் பிள்ளைகளின் பக்கத்தில் இருந்து கையால் பை அமுக்கினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடே அங்கிருந்துதான் பிறந்தது என்பார்கள். அந்தப் பைகள் நிரம்ப வாயுச் சிலிண்டர் வேண்டியிருந்தது. 1956இல் அதே நாட்டு ஹென்னிங் ரூபன், அமுக்கி விட்டதும் தானாக விரிந்து வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும் பையைச் செய்தார். அம்பு என்ற நிறுவனம் அதை விற்றது. இன்று மூதூரிலும் மதுரையிலும் அம்பு பேக் என்றே அதற்குப் பெயர். சிலிண்டர் முடிந்தாலும் வேலை செய்யும் என்பதால் உலகத்தின் மூலைமுடுக்கெல்லாம் அது போய்ச் சேர்ந்தது.

எளிய பொருள் என்றதும் எளிதான வேலை என்று நினைக்கக்கூடாது. பலூனில் கெட்டிக்காரராவது கடினம். மாஸ்க் மூக்கின் மேற்பாலத்திலிருந்து நாடிக்குழி வரை மூடவேண்டும். கண்ணை அழுத்தினால் குழந்தையின் இதயத்துடிப்பு மெதுவாகிவிடும். பெருவிரலும் சுட்டுவிரலும் மாஸ்க்கை வளைத்துப் பிடிக்க, மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பைப் பிடித்து மேலே தூக்கவேண்டும். எலும்பை விட்டு நாடிக்குக் கீழே உள்ள சதையில் விரல் அழுந்தினால் நாக்கு மேலெழும்பி நாமே வழியை அடைத்துவிடுவோம். மாஸ்க்கை முகத்தின்மேல் அமுக்குவதல்ல, முகத்தை மாஸ்க்குக்குள் தூக்குவதே வித்தை.

அடுத்து, எவ்வளவு காற்று? 10 கிலோப் பிள்ளையின் ஒரு மூச்சு 60 முதல் 80 மில்லிலீற்றர். பிள்ளைகளுக்கான பலூனே அரை லீற்றரளவு கொள்ளும், பெரியவர்களுடையது ஒன்றரை லீற்றர் வரை. பதற்றத்தில் கை முழுப் பலூனையும் கசக்கும். மிஞ்சிய காற்று உணவுக்குழாய் வழியாக வயிற்றுக்குப் போய், வயிறு பொம்மி, மேலே உள்ள நுரையீரலை நெருக்கும். பிறகு வாந்தி, வாந்தி மூச்சுக்குழாய்க்குள். நெஞ்சு எழும்புவது கண்ணுக்குத் தெரிந்ததும் கையை விடவேண்டும். இரண்டு மூன்று வினாடிக்கு ஒருமுறை, அதற்குமேல் வேண்டாம். ஆபத்தில் இருக்கும் பிள்ளையின் முன்னால் மெதுவாகச் செய்வதற்குத்தான் பயிற்சி தேவை, வேகமாகச் செய்வதற்கு அல்ல.

ஒற்றைக் கையால் மாஸ்க்கும் மறுகையால் பலூனும் பிடிப்பதைவிட, ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கையும் தாடையையும் பிடிக்க மற்றவர் பலூனை அமுக்குவது நல்லது. ஆய்வுகளும் அனுபவமும் ஒத்துப்போகும் இடம் இது. இப்போது அந்த இரண்டு பேருக்கு வருவோம். பிள்ளையின் வீட்டு முற்றத்தில் சாரதியும் உதவியாளரும் சேர்ந்து இதைச் செய்யலாம். வண்டி புறப்பட்டதும் ஒருவர் ஸ்டியரிங்கில். பின்னால் ஒருவர், இரண்டு கை, ஆடும் வண்டி. ஏற்றிக்கொண்டு பறப்பதா, முற்றத்திலேயே நின்று மூச்சைச் சீராக்குவதா என்ற கேள்விக்கு என் பதில் இந்த எண்ணிக்கையிலேயே இருக்கிறது. சுற்றி நின்று “ஏன் இன்னும் எடுக்கேல்ல?” என்று சத்தம் போடுகிறவர்கள், அந்த நிமிடங்களில் மூச்சு கொடுக்கப்படுகிறது என்பதைப் பார்ப்பதில்லை. வண்டிக்குள் கூட ஏறும் தகப்பனிடமோ மாமனிடமோ பலூனைக் கொடுத்து, நான் சொல்லும்போது மெல்ல அமுக்குங்கள் என்று சொல்வதில் வெட்கமில்லை. கொப்பன்ஹேகன் மாணவர்களுக்கும் முதல்நாள் அதற்குமேல் ஒன்றும் தெரிந்திருக்காது.

இடைநடுவில் ஒரு வழியும் உண்டு. தொண்டைக்குள் குருட்டாக இறக்கினால் குரல்வளையின் வாயில் போய் அமரும் ஒரு மாஸ்க்கை இங்கிலாந்தின் ஆர்ச்சி பிரெய்ன் 1981இல் முதல் நோயாளியில் பயன்படுத்தினார். பார்த்துப் போடவேண்டியதில்லை, கற்றுக்கொள்வது எளிது. பல நாடுகளின் அம்புலன்ஸ்களில் பிள்ளைகளுக்கும் அதன் சிறிய அளவுகள் இருக்கின்றன. எதைப் போட்டாலும் வெளிமூச்சில் காபனீரொட்சைட்டு வருகிறதா என்று அளக்கும் கருவி பக்கத்தில் இருக்கவேண்டும். குழாய் வயிற்றுக்குள் இருந்தால் அது வராது. அளக்க வழியில்லாவிட்டால் பிள்ளைக்குக் குழாய் போடாதிருப்பதே மேல் என்பது என் எண்ணம். தேர்ச்சி மங்குவதும் ஒரு காரணம். அம்புலன்ஸ்காரர் ஒருவர் மூச்சு நின்ற பிள்ளையைச் சந்திப்பது அபூர்வம், நல்ல வேளையாக. அபூர்வமாகச் செய்யும் வேலையைக் கை மறந்துவிடும். பலூனைப் பொம்மையில் மாதந்தோறும் பழகலாம். ஒரு வயதுப் பிள்ளையின் துவண்ட குரல்வளையை எந்தப் பொம்மையும் சரியாகக் காட்டாது.

இந்தக் கரையில் பிள்ளைகளின் மூச்சை நிறுத்துபவை எவை என்று யோசித்தால் முதலில் தண்ணீர். களப்பு, குடா, வாய்க்கால், வளவுக் கிணறு. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்தது. அன்று குறைந்தது 6 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நீரில் மூழ்கியவரின் இதயம் நிற்பது ஒட்சிசன் தீர்ந்துபோவதால். ஆகவே கரைசேர்த்ததும் முதல் தேவை நெஞ்சை அழுத்துவதுகூட அல்ல, மூச்சு. ஐரோப்பிய வழிகாட்டிகள் முதலில் ஐந்து மூச்சு என்கின்றன, பிறகு நெஞ்சு அழுத்தமும் மூச்சும் மாறி மாறி. ஊரில் நடப்பதோ வேறு. பிள்ளையைத் தலைகீழாகத் தூக்குவார்கள், தோளில் போட்டு ஓடுவார்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பார்கள். வெளியே வருவது பெரும்பாலும் வயிற்றுத் தண்ணீர். கூடவே வாந்தியும் வந்து மூச்சுக்குழாயை அடைக்கும். நுரையீரலுக்குள் போன தண்ணீரை எடுக்கவேண்டிய தேவையே இல்லை, அதன்மேலேயே காற்றைச் செலுத்தலாம். வாயில் நுரை பொங்கினாலும் துடைத்துக்கொண்டு நிற்காமல் மூச்சைத் தொடர்வதுதான் இன்றைய அறிவுரை.

இரண்டாவது, இரவில் வரும் கட்டு விரியன். தரையில் பாய்விரித்துப் படுத்திருப்பவரை நித்திரையிலேயே கடிக்கும். வலி மிகக் குறைவு, வீக்கம் இல்லை, பல் பட்ட அடையாளம்கூடத் தெரியாமல் போகும். விடியப்புறம் பிள்ளை வயிற்றுவலி என்று எழும்பும். பிறகு இமை தொங்கும், பார்வை இரண்டாகும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத்தசை ஓயும். நஞ்சு நரம்பின் நுனியையே கெடுத்துவிடுவதால், தசை ஓய்ந்தபின் கொடுக்கும் நஞ்சுமுறி உடனே அதைத் திருப்பாது. நரம்பு நுனி தானாகத் திருந்தும்வரை, நாட்கணக்கானாலும், யாராவது காற்றுக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். அதன் முதல் மணித்தியாலம் அம்புலன்ஸில் ஒரு பலூனில் கழியக்கூடும். இதயமும் மூளையும் நன்றாக இருக்கின்றன, ஓய்ந்தது தசை மட்டும். பலூன் இங்கே அரைகுறை வைத்தியம் அல்ல, முழு வைத்தியம். கண் திறக்காவிட்டாலும் பிள்ளைக்கு எல்லாம் கேட்கும். பக்கத்தில் இருப்பவர்கள் என்ன பேசுகிறோம் என்று பார்த்துப் பேசவேண்டும்.

மூன்றாவது, தொண்டை அடைப்பு. கச்சான், றம்புட்டான் கொட்டை, புளியங்கொட்டை, பொம்மையின் சில்லு. சத்தமாக இருமுகிற பிள்ளையை இரும விடவேண்டும். அதைவிடப் பலமான வைத்தியம் நம் கையில் இல்லை. இருமல் சத்தமில்லாமல் போய், அழுகை வராமல், உதடு நீலித்தால் வண்டிக்குக் காத்திருக்க நேரமில்லை. ஒரு வயதுக்கு உட்பட்டால் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ, தோள்களுக்கு நடுவே உள்ளங்கையின் அடியால் ஐந்து அடி. பிறகு மல்லாக்கத் திருப்பி நெஞ்செலும்பின்மேல் ஐந்து அழுத்தம். ஒரு வயதுக்கு மேலென்றால் முதுகில் ஐந்து அடியும், பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே உள்நோக்கி ஐந்து அமுக்கும். 1974இல் ஹைம்லிக் வயிற்றை அமுக்கும் முறையைச் சொன்ன பிறகு அமெரிக்காவில் முதுகில் அடிப்பது பெரும்பாலும் வழக்கொழிந்தது. அமெரிக்க இதயச் சங்கத்தின் 2025 வழிகாட்டியில் அது திரும்பிவந்திருக்கிறது. எங்கள் பாட்டிமார் முதுகில் தட்டியதை நிறுத்தியதே இல்லை என்பது வேறு கதை. பொருள் கண்ணுக்குத் தெரியாமல் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக்கூடாது, உள்ளே இன்னும் இறங்கிவிடும். தண்ணீர் பருக்கக்கூடாது. பிள்ளை துவண்டுவிட்டால் தரையில் கிடத்தி மூச்சும் நெஞ்சு அழுத்தமும்.

1990க்கு அழைக்கும்போது வயதோடு எடையையும் சொன்னால் உதவி. மாஸ்க்கின் அளவு, பலூனின் அளவு, மருந்தின் அளவு எல்லாம் எடையைப் பொறுத்தவை. அமெரிக்காவில் ஜேம்ஸ் புரோஸ்லோ என்ற மருத்துவர் பிள்ளையின் நீளத்தை அளந்து எடையை மதிப்பிடும் நிறநாடா ஒன்றை 1980களில் செய்தார். பதற்றத்தில் கணக்குப் போடவேண்டாம், நாடாவின் நிறத்தைப் பார்த்து எடுத்தால் சரி. அது அமெரிக்கப் பிள்ளைகளை வைத்துச் செய்த நாடா. இந்தியாவில் சோதித்தபோது, 10 கிலோவுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அது உண்மையைவிடக் கூடுதல் எடை காட்டியது. மெலிந்த நம் பிள்ளைகளுக்கு மருந்து கூடிவிடக்கூடும். இலங்கையில் அதைவிட நல்ல அளவு ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. பிறந்தது முதல் கிளினிக்கில் நிறுத்து, மிட்வைஃப் குறித்துக்கொடுக்கும் பிள்ளையின் கொப்பி. வண்டியில் ஏறும் அவசரத்தில் அடையாள அட்டையையும் ஃபோனையும் தேடுகிறோம். அலுமாரியில் அந்தக் கொப்பி எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்து, அதையும் எடுத்துக்கொண்டு ஏறினால், பின்னால் தனியாக இருக்கும் அந்த ஒருவருக்கு ஒரு கணக்குக் குறையும்.